தாமஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காலணி

பன்னிரண்டு பேர் மேலே போனால் பன்னிரண்டு பேர் கீழே வர வேண்டும். எட்டு வருடமாகப் பெரில் பார்த்துவந்த வேலை இவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பேராலயத்தின் வடக்கு மூலையில், தோளைச் சாய்த்தால்தான் நுழைய முடிகிற ஒரு சிறிய கதவு இருக்கிறது. உள்ளே கூரைக்குப் போகும் சுழற்படிகள், மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு. கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி, ஒரு மேஜை, சுவரில் பன்னிரண்டு ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று தொங்கும். மேலே போகிறவர் ஒரு வில்லையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். இறங்கியதும் பெரிலின் கையில் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு ஆணியும் நிறைந்தால்தான் அடுத்த குழுவுக்குக் கதவு திறக்கும்.

ஒருமுறை ஏழாம் எண் வரவில்லை. எல்லாரும் இறங்கிவிட்டார்கள், நானே எண்ணினேன் என்று வழிகாட்டி கிளைவ் சத்தியம் செய்தார். பெரில் மசியவில்லை. எழுபதை நெருங்கிய அந்த மனிதரை மறுபடியும் அத்தனை படியும் ஏற வைத்தார். மேலே புறாக்கள்தான் இருந்தன. பத்து நாள் கழித்து ஏழாம் எண் தபாலில் வந்தது, ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு. யாரோ கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஸ்காட்லாந்துக்கே போய்விட்டாராம்.

அதற்கு முன்னால் பெரில் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருந்தவர். ஊரில் நாற்பதைத் தாண்டிய பாதிப் பேர் அவர் ஊற்றிய கஸ்டர்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். பேராலயக் கட்டட வேலைகளுக்கெல்லாம் தலைவியான பிலிப்பாவைக் கண்டு எல்லாரும் நடுங்குவோம். பெரில் மட்டும், "இது பீட்ரூட்டைப் பாவாடைப் பாக்கெட்டுல ஒளிச்சுவச்ச பொண்ணுதானே" என்பார், பிலிப்பாவின் காதில் விழும்படியாகவே.

செப்டம்பரில் ஒரு வாரக்கடைசி, ஊரில் பூட்டிக்கிடக்கும் பழைய கட்டடங்களை எல்லாம் எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். அந்த மூன்று நாளும் பேராலயத்துப் புல்வெளியைச் சுற்றி வரிசை நிற்கும். நான் பேராலயத்தை ஒட்டிய, கூரை வேய்ந்த சுற்று நடையில் எலுமிச்சைக் கேக்கும் தேநீருமாக மேஜை போட்டிருப்பேன். என் மேஜையிலிருந்து பார்த்தால் பெரிலின் நாற்காலி தெரியும்.

எல்லாரும் கூரைக்கு ஏறத் துடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் கூரை முழுக்க ஈயத் தகடு. வேலை முடிந்ததும் ஈயத் தொழிலாளி தன் காலைத் தகட்டின்மேல் வைத்து, கத்தி முனையால் காலணியைச் சுற்றிக் கோடு இழுப்பான். உள்ளே பேரும் வருடமும் கீறுவான். தலைமுறை தலைமுறையாக இது நடந்துவருகிறது. வடக்குப் பக்கத்தில் மட்டும் அறுபதுக்குக் குறையாத தடங்கள். அவற்றில் மிகப் பெரியது தாமஸ் வேன் என்பவருடையது, 1779. சதுர மூக்கு வைத்த ராட்சசக் கால். அதை ஒட்டினாற்போல ஒரு குட்டித் தடம். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. பேரும் இல்லை, வருடமும் இல்லை. நடுவில் ஆறு இதழ் பூ ஒன்று மட்டும்.

அந்த இடத்தில் கிளைவ் நின்றுவிடுவார். ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். குரலைத் தாழ்த்திக்கொண்டு கதையைத் தொடங்குவார். தாமஸ் ஒருநாள் தன் சின்ன மகனைத் தூக்கிக்கொண்டு இத்தனை படியும் ஏறினார். தன் காலுக்குப் பக்கத்தில் மகனின் காலை வைத்துக் கோடு இழுத்தார். கெட்டது அண்டாமலிருக்க அந்தக் காலத்தவர் ஆறு இதழ் பூ வரைவார்கள். இந்தச் சுவர்களிலேயே எத்தனை இருக்கின்றன, பாருங்கள். மகனுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்று அந்தத் தகப்பன் வேண்டிக்கொண்டதுதான் இந்தப் பூ. இருபது வருடமாக இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்காமல் இறங்கியவர்கள் குறைவு.

இறங்கி வருகிறவரிடம் வில்லையை வாங்கும்போது பெரில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "சின்ன ஷூவைப் பாத்தீங்களா?" பார்த்தோம் என்றால் தலையசைத்து வில்லையை ஆணியில் மாட்டுவார். அது அவருடைய உபசாரம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். போன செப்டம்பர் வெள்ளிக்கிழமை வரை நானும்தான்.

அன்று மாலை தொண்டர்களை எல்லாம் கூட்டிவைத்து பிலிப்பா ஒரு செய்தி சொன்னார். வடக்குக் கூரை ஒழுகுகிறது. அக்டோபரில் சாரம் கட்டி ஈயத்தை முழுக்க உரித்து, உருக்கி, புதிதாக வார்க்கப்போகிறார்கள். 1900க்கு முந்திய தடங்களை வெட்டியெடுத்துக் கண்ணாடிப் பேழையில் வைப்பார்கள். அதற்குப் பிந்தியவற்றைப் படம் எடுத்துக்கொண்டு உலையில் போட்டுவிடுவார்கள். எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், மன்னியுங்கள் என்றார். கிளைவ் பதறி எழுந்து குட்டித் தடம் என்னாகும் என்று கேட்டார். பேழையில் முதல் இடமே அதற்குத்தான் என்றார் பிலிப்பா. எல்லாரும் கை தட்டினோம்.

ஆயிரம் குழந்தைகளுக்கு நடுவே கஸ்டர்ட் வாளி சுமந்தும் ஒரு சொட்டுச் சிந்தாத பெரிலின் கையிலிருந்து அப்போது தேநீர்க் கோப்பை விழுந்து உடைந்தது.

கூட்டம் கலைந்தபின் நாங்கள் இருவரும் பாத்திரம் கழுவினோம். பெரில் கழுவிக் கொடுக்க நான் துடைத்து அடுக்கினேன். ஒரே தட்டை மூன்றாவது முறையாகக் கழுவுகிறாரே என்று நான் கையைப் பிடித்தேன். அப்போதுதான் சொன்னார்.

"அது பையன் ஷூ இல்ல கண்ணு. தாமஸுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அது என் பொண்ணோடது."

எட்டு வருடம் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அவருக்குக் குழந்தை இருந்தது என்பதே எனக்குத் தெரியாது.

பேர் ஆலிசன். மூன்று வயது. 1978 பிப்ரவரியில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டே நாளில் போய்விட்டாள். பெரிலின் கணவர் லென் பேராலயத்தில் ஈயக் கூரை வேலை பார்த்தவர். அடக்கம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனார். அதன்பிறகு மகளின் பேரை அவர் வாயால் சொல்லவே இல்லை. அவர் சொல்லவில்லை என்பதால் பெரிலும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்குப் போடுவதற்காக வாங்கிவைத்திருந்த சிவப்புக் காலணிகள், வாரும் பக்கிளும் வைத்தவை, அலமாரியில் இருந்தன. ஒருநாள் அதில் ஒன்று காணாமல் போனது. பெரில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். மூன்றாம் நாள் அது இருந்த இடத்திலேயே இருந்தது, அடிவிளிம்பில் சாம்பல் நிறக் கறையோடு. எடுத்தது லென்தான் என்று தெரிந்ததும் பெரில் வெடித்துவிட்டார். மகளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவருக்கு அவள் பொருள் என்ன விளையாட்டுச் சாமானா என்று கேட்டார். லென் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிரப் பதில் பேசவில்லை. அப்படியே முப்பத்தெட்டு வருடம் ஓடியது. சண்டை சச்சரவு கிடையாது. நல்ல மனிதர். ஆனால் இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்ற எண்ணம் பெரிலுக்கு ஒருநாளும் மாறவில்லை.

கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, லென் பெரிலின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். காலணியைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கூரைக்குக் கொண்டுபோனேன். அதன் முன்பக்கத்துத் தோலில் துளைதுளையாகப் போட்டிருந்த பூவையும் அப்படியே வரைந்தேன். பேர் எழுதக் கை வரவில்லை. தாமஸ் வேனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

"ஏன் அங்க வச்சீங்கன்னு கேட்டேன். தனியா இருப்பாளேன்னாரு. இருக்கறதுலயே அவரு காலுதான் பெரிசு, பாத்துக்குவாருன்னு நெனச்சேன்னாரு." பெரில் குழாயை மூடினார். "முப்பத்தெட்டு வருஷம் நான் கல்லுன்னு நெனச்ச மனுஷன் கண்ணு. நாலு நாள்ல போயிட்டாரு. நாலே நாள்தான் எனக்கு அவரு கிடைச்சாரு."

அப்போதே பெரிலுக்கு இடுப்பில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. படியேறக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மேலே போக முடியாதவர், படிக்கட்டின் அடியிலாவது இருக்கிறேன் என்று அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் நாளே கிளைவின் கதை இறங்கி வந்தவர்கள் வழியாக அவர் காதுக்கு எட்டியது. திருத்தத்தான் எழுந்தாராம். அதற்குள் ஆஜானுபாகுவான ஒரு லாரி ஓட்டுநர் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். மகனைப் பறிகொடுத்தவராம். பெரில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவர் அழுதது என் மகளைப் பார்த்துத்தானே, பேர் மாறினால் என்ன என்று தோன்றியதாம்.

"இப்ப வாயத் தொறந்தேன்னா அவளை உலையில போட்டுருவாங்க. மூடிக்கிட்டா கண்ணாடிக்குள்ள காலம் பூரா பத்திரமா இருப்பா. நீ மூச்சுவிடக் கூடாது."

நான் சத்தியம் செய்தேன். சனிக்கிழமை முழுவதும் அந்தச் சத்தியம் நெஞ்சுக்குள் கனத்தது. பெரில் மட்டும் எப்போதும்போல வில்லைகளைக் கொடுத்தார், வாங்கினார், சின்ன ஷூவைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

ஞாயிறு மதியம் கிளைவ் துள்ளிக்கொண்டு வந்தார். பேழைக்கு வைக்கப்போகும் பலகையின் வாசகம் அச்சாகி வந்திருந்தது. என்னிடம் காட்டிவிட்டுப் பெரிலிடம் கொடுத்தார். பெரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'ஈயத் தொழிலாளி தாமஸ் வேன், அவருடைய மகன். 1779. மகனின் பெயர் தெரியவில்லை.'

பெரில் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை கடைசி வரியை மட்டும் விரலால் தொட்டார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். நாற்காலியை விட்டு அவர் எழுந்து போனதை அன்றுதான் பார்த்தேன். அரை மணியில் திரும்பினார், கைப்பையை மார்போடு அணைத்தபடி.

மூன்றரை மணிக் குழுதான் கடைசி. பன்னிரண்டில் இரண்டு பேர் வரவில்லை. பத்து வில்லைகளைக் கொடுத்தபின் பெரில் பதினொன்றாவதைத் தன் சட்டைப் பையில் போட்டார். பன்னிரண்டாவதை என்னிடம் நீட்டினார்.

"கேக்கை யாராச்சும் பாத்துக்குவாங்க. நீ என் பின்னாடியே வா. விழுந்தா மெத்துனு விழணும்."

நூற்று நாற்பத்தெட்டுப் படிகள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து, சுவரைக் கட்டிப்பிடித்தபடி ஏறினார். அறுபதாம் படியில் மணியடிப்பவர்கள் அறை வரும். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. கிளைவ் கையைப் பிசைந்துகொண்டு, ஏதாவது ஆகிவிட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்று புலம்பினார்.

"வருஷா வருஷம் அறுபது பசங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போன வாத்தியாரு, ஒரு கிழவியக் கூட்டிட்டுப் போக இப்படிப் பயப்படலாமா?" என்றார் பெரில்.

"அந்த அறுபதும் சொன்ன பேச்சு கேட்டுச்சு பெரில்."

மேலே காற்று ஓங்கி அடித்தது. அறுவடை முடிந்த வயல்களுக்கு அப்பால் சர்க்கரை ஆலையின் வெள்ளைப் புகை எழுந்து சாய்ந்தது. பெரில் அதையெல்லாம் பார்க்கவில்லை. தகட்டின் மேட்டைப் பிடித்து நடந்து, வழி தெரிந்தவர்போல நேராக அங்கே போய் நின்றார். கிளைவ் தன் மடக்கு முக்காலியைப் போட்டுக் கொடுத்தார். ஏற்கெனவே மேலே வந்து தடங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்த பிலிப்பா வியப்போடு நிமிர்ந்தார். குழு வளைத்து நின்றது. பெரில் இருப்பதால் கிளைவுக்குக் கொஞ்சம் கூச்சம். கதையைச் சுருக்கப் பார்த்தார்.

"முழுசாச் சொல்லுங்க வாத்தியாரே. நான் ஒரு தடவகூட உங்க வாயால கேட்டதில்ல."

சொன்னார். தகப்பன் மகனைத் தூக்கிக்கொண்டு ஏறியதை, கோடு இழுத்ததை, பூவை. நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றுபோல அவர் என்றைக்கும் சொன்னதில்லை. முடிந்ததும் பெரில் கைப்பையைத் திறந்தார். பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றியிருந்த ஒரு சிவப்புக் காலணியை எடுத்தார். குனிந்து, தடத்தின்மேல் வைத்தார்.

ஒரு நூல்கூடப் பிசகாமல் பொருந்தியது. காலணியின் முன்பக்கத்தில் ஆறு இதழ் பூ. அடிவிளிம்பில் நாற்பத்தாறு வருடத்துச் சாம்பல் கோடு.

"பேரு தெரியலன்னு எழுதாதீங்க," என்றார் பெரில். "ஆலிசன். என் பொண்ணு. வரைஞ்சது அவ அப்பா, லென்."

முன்பின் தெரியாத பத்துப் பேரும் அப்படியே நின்றார்கள். கிளைவ் தொப்பியைக் கழற்றினார். மெல்லத் தகட்டின்மேல் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"இருபது வருஷம்," என்றார். "இருபது வருஷமா இங்க நின்னு பொய் சொல்லியிருக்கேன். கீழ உக்காந்து நீங்க அதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"எது பொய்? ஒரு அப்பா தன் பிள்ளை மேல உசுரையே வச்சிருந்தாருன்னு சொன்னீங்க. அது பொய்யா? எங்க வீட்டுல அவ பேரை நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்து சொன்னதே இல்ல வாத்தியாரே. நீங்க ஊரு பேரு தெரியாத ஜனங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து அவ முன்னாடி நிறுத்துனீங்க. மழையிலயும் பனியிலயும் நிறுத்துனீங்க. அவ தனியா இல்ல, லென் தனியா இல்ல, நானும் தனியா இல்ல. அதுக்கு நன்றி சொல்லத்தான் ஏறி வந்தேன்."

கிளைவ் அழுதார். நான் அழுதேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் பேசியது பிலிப்பாதான். விதி 1900தான், அதை வகுத்தவரே தான்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். உடனே கிளைவ் எழுந்து, இங்கே யாரும் எதையும் கேட்கவில்லை, பலகை இருந்தபடியே இருக்கட்டும் என்றார். லீட்ஸிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், காற்று இரைச்சலில் தனக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை என்றார். அவர் மனைவியும் அதையே சொன்னார். குழு மொத்தமும் தலையாட்டியது. பிலிப்பா வயலைப் பார்த்துக்கொண்டு, எனக்கும் சில நாளாகக் காது சரியில்லை என்றார்.

பெரில் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் அவர் தலையசைத்து மறுத்தார்.

"வேற ஒருத்தர் பிள்ளையா அவ கண்ணாடிக்குள்ள இருக்க வேணாம். உருக்கிடுங்க." காலணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை உலைன்னதும் பயந்துட்டேன். ராத்திரி படுத்து யோசிச்சேன். லென் எப்பவும் சொல்லுவாரு, இது புது ஈயமே இல்ல, அந்தக் காலத்துல இருந்து அதே ஈயத்தைத்தான் உருக்கி உருக்கி ஊத்திக்கிட்டு இருக்கோம்னு. உருக்குனா அவ எங்கயும் போயிர மாட்டா. இந்த மூலையில மட்டும் இருக்கறவ, கூரை பூரா இருக்கட்டும்."

பிலிப்பா வந்து முக்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். ஊரே நடுங்கும் பெண், பள்ளிக்கூடத்துச் சிறுமிபோலத் தெரிந்தார்.

"பழைய ஈயத்துக்குத்தான் விதி வச்சிருக்கேன்," என்றார். "புது ஈயத்துல யாரு கால் வைக்கலாம்னு நான் ஒரு விதியும் எழுதல. இனிமேயும் எழுத மாட்டேன். அந்த ஷூவைப் பத்திரமா வச்சிருங்க பெரில்."

இறங்கி வந்ததும் பெரில் நாற்காலியில் உட்கார்ந்து பத்து வில்லைகளை வாங்கி மாட்டினார். என்னுடையதை வாங்கினார். கடைசியாகத் தன் பையிலிருந்ததை எடுத்து, ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுப் பதினொன்றாம் ஆணியில் மாட்டினார். கணக்குச் சரி என்றார்.

இந்த மே மாதம் புதுக் கூரை முடிந்தது. பெரில் மறுபடி ஏறினார். நாற்பது நிமிடம் ஆனது. காலணியைப் பெரில் தகட்டின்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ள, கூரை வேலை செய்த பெண் கத்தியால் கோடு இழுத்தாள். ஆறு இதழ் பூவைக் கீறினாள். பெரில் சொல்லச் சொல்ல எழுதினாள்: ஆலிசன், லென்னின் மகள், 1978.

முடிந்ததும் கிளைவ் தொண்டையைச் செருமினார். தாமஸ் கீழே பேழைக்குப் போய்விட்டாரே, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டாமா என்று இழுத்தார். பெரில் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். காலில் பார்வை நின்றது. பன்னிரண்டாம் அளவு, தாமஸுக்குச் சளைக்காத பெரிய கால்.

"வைங்க," என்றார். "பாத்துக்குவீங்க."

இப்போது பேழையின் முதல் இடத்தில் தாமஸ் வேனின் தடம் மட்டும் இருக்கிறது. பலகையைக் கிளைவ்தான் மாற்றி எழுதினார். பேருக்கும் வருடத்துக்கும் கீழே ஒரு வரி: 'முன்பின் அறியாத ஒரு குழந்தைக்கு நாற்பத்தாறு வருடம் துணையாக இருந்தவர்.' விதிப்படி பலகையில் அப்படியெல்லாம் எழுத முடியாது என்று யாரோ பிலிப்பாவிடம் சொன்னார்களாம். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையாம்.

பெரில் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். நேற்றுக்கூட என் மேஜையிலிருந்து பார்த்தேன். இறங்கி வந்த ஒரு பெண்ணிடம் வில்லையை வாங்கிக்கொண்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். பார்த்தேன், ரொம்ப அழகு என்றாள் அந்தப் பெண்.

"என் பொண்ணோடது," என்றார் பெரில், வில்லையை ஆணியில் மாட்டிக்கொண்டே.